ஓபல் வீட்டு டிவி

லாரிக்காரர்களோடு பேசும் தன் சிபி ரேடியோவை மெர்ல் வீட்டிலேயே பிரித்து, சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் சக்தியைக் கூட்டினான். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கக் கேட்டதோ இல்லையோ, அடுத்த வீட்டு ஓபலின் டிவியில் அவன் குரல் கணீரென்று கேட்டது.

“நாடகம் பாக்க உக்காந்தா உங்க தொண்டைதான்! புகார் கொடுத்தா ரேடியோவையே பிடுங்கிட்டுப் போயிடுவாங்க, தெரியுமில்ல?” என்று தினமும் வந்து சண்டை போட்டாள்.

பயந்துபோன மெர்ல், அதைப் பழையபடி மாற்றினான். மறுநாளும் வந்து நின்றாள் ஓபல்.

“என்ன மெர்ல், நேத்து சத்தத்தையே காணோம்?”

“சரி பண்ணிட்டேன் தாயே! நிம்மதியா நாடகம் பாருங்க.”

“முந்தாநாள் நீங்க பேசிக்கிட்டிருந்தீங்களே, பனியில மாட்டின அந்த லாரிக்காரன், வீடு போய்ச் சேர்ந்தானா?”

“அப்போ நாடகம்?”

ஓபல் தலைகுனிந்தாள். “டிவியில படம் தெரியாமப் போயி எட்டு மாசமாச்சு.”

மெர்ல் கதவை அகலத் திறந்தான். “உள்ள வாங்க. மைக்கைத் தர்றேன், அவன்கிட்டயே கேளுங்க.”