ஆறாத வண்டி

நிர்மலா அரூரில் சவரியின் பட்டறைக்குக் கொண்டுவந்தது, இறந்துபோன கணவர் மாதவராஜின் பழைய அம்பாசிடரை. சூடு ஏறுகிறது என்றாள்.

சவரி ரேடியேட்டரைப் பார்த்தான். தண்ணீர் நிறைந்திருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட்டையும் மாற்றினான். மறுநாள் சாவி போடுவதற்கு முன்பே, சூட்டு மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. இன்ஜின் மேல் கையை வைத்தான். சில்லென்று இருந்தது. மீட்டர் ஒயரைப் பிடுங்கினான். முள் அசையவில்லை.

"எப்ப இருந்துங்க இப்படி?" வண்டியை எடுக்க வந்திருந்த நிர்மலாவிடம் கேட்டான்.

"அவரு போனதுல இருந்துங்க. நல்ல காய்ச்சல். பின்சீட்டுல படுக்க வெச்சு, சேலம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். மஞ்சவாடி ஏத்தத்துல இன்ஜின் கொதிச்சிருச்சு. 'சூட்டோட மூடியத் தொறக்காத, ஆறட்டும்'னாரு. பின்னாடியே சேலம் பஸ் வந்துச்சுங்க. வண்டிய ரோட்டுல வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டாரு. நானும் சரின்னு உக்காந்துட்டேன். வண்டி ஆறுறதுக்குள்ள அவரு போயிட்டாரு. பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கலாம்ங்க."

சவரி பின்கதவைத் திறந்து, உள்ளே கிடந்த ஸ்பேனரை எடுக்கச் சீட்டில் கையை ஊன்றினான். உடனே கையை இழுத்துக்கொண்டான். வண்டி நிழலில்தான் நின்றிருந்தது. சீட் முழுக்கக் குளிர்ந்திருந்தது. தலை வைத்துப் படுக்கும் ஓரம் மட்டும் சுட்டது.

நிர்மலா அவன் கையைப் பார்த்தாள். ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்தாள். நாலாக மடித்து அந்த ஓரத்தில் வைத்தாள். காயக் காய மறுபடி நனைத்துப் போட்டாள்.

முன்னால், முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.