மண்ணியல் துறையில் மிஞ்சியவள்

வடக்கு உகாண்டாவின் அந்த வேளாண் பல்கலைக்கழகத்துக்கு, நிதி கொடுத்தவர்கள் டாக்டர் ஒக்வீரை மதிப்பீட்டாளராக அனுப்பியிருந்தார்கள். அவர் 'தோல்வி' என்று எழுதினால் மண்ணியல் துறைக்குப் பூட்டுதான். அங்கே மிஞ்சியிருந்த ஒரே ஆசிரியை அச்சானுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

"ஆறு பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டர் பட்டம் வாங்க வெச்சோம். ஒருத்தரைக்கூடக் காணோமே மேடம்?"

"எல்லாரும் நல்ல சம்பளத்துக்குப் போயிட்டாங்க சார்."

"நன்றிகெட்ட ஜென்மங்க. அப்ப, திட்டம் தோல்வின்னுதான் எழுதணும்."

"எழுதுங்க."

எழுதி, கையெழுத்தும் போட்டார். அதுவரை காத்திருந்தாள் அச்சான்.

"ஒக்வீர், நீ டாக்டர் பட்டத்துக்குக் கிளம்பினப்ப கழட்டி மாட்டின வெள்ளைக் கோட்டு இன்னும் ஆய்வகத்து ஆணியிலதான் தொங்குது. பூட்டறதுக்குள்ள எடுத்துக்கோ."