கொட்டை எழுத்தில் ஒரு பெயர்

பெயரின் கடைசி எழுத்தைச் சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கு உரியவர் உள்ளே வந்தார்.

காலையில்தான் பள்ளங்கிக் கிராமத்துக் கந்தவேல் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். தன் அண்ணன் மலைச்சாமி மதுரை ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறாராம். மறுநாள் ஞாயிறு, எங்கள் முதலாளி அச்சகத்தைத் திறக்கமாட்டார். அதனால் சாவு நோட்டீஸை இன்றைக்கே அடித்து வையுங்கள், தேதிக்கு மட்டும் இடம் விடுங்கள், கையால் எழுதிக்கொள்கிறேன் என்றான்.

சனிக்கிழமைகளில் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

பெயருக்கு மட்டும் கொட்டை எழுத்து. தடித்த வயிறும் சின்னக் குதிகாலுமாக மரத்தில் செதுக்கியது. ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் கொடைக்கானலில் வேறு எவரிடமும் அது இல்லை. சினிமா, ஏலம், சாவு, மூன்றுக்கும் அதைத்தான் எடுப்பேன். அதைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் போகிற மனுஷன் கிடையாது என்று அச்சுக் கோக்கிற நான் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

வந்தவர் திடமாக இருந்தார். ஜீப்பில் உட்காரக் குளிர் தாங்கவில்லை என்று கைகளைத் தேய்த்துக்கொண்டே பேரும் ஊரும் சொன்னார். தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்தைக் காட்டத் தம்பி கூட்டிப்போகிறானாம். மழைக்கு அந்த ரோடு வழுக்கும் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

மதுரையில் இழுத்துக்கொண்டு கிடப்பதாகக் கந்தவேல் சொன்ன ஆள் இவர்தான்.

அவர் பின்னாலேயே கந்தவேல் வந்து வாசற்படியில் நின்றான். இடுப்பில் காப்பிச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி. என்னையே பார்த்தான்.

மலைச்சாமி மேசைமேல் குனிந்து தன் பெயரைப் பார்த்தார். அச்சு எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். எங்களைத் தவிர யாருக்கும் சட்டென்று பிடிபடாது. இவ்வளவு பெரிய எழுத்தாக இருக்கிறதே, கொட்டகைக்குப் புதுப்படம் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மை உருளையைச் சாவு நோட்டீஸ் முழுவதன் மேலும் ஓட்டினேன். ஒரு தாளை வைத்து அழுத்தி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டால் ஜீப்பில் ஏறமாட்டார். எனக்கு அது போதும்.

கந்தவேல் தடுக்கவில்லை. நிதானமாகப் பீடி பற்றவைத்தான். அவன் ஏன் பதறவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மலைச்சாமி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பெயர் ஈரமாக, கருகருவென்று இருந்தது.

தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருப்பதாக என்னிடம் தலையாட்டினார். பிறகு வாசல் பக்கம் நீட்டினார்.

"ஏலே கந்தவேலு, எழுத்துத் தெரிஞ்சவன் நீதான. இதுல என்ன போட்டுருக்குன்னு படிச்சுச் சொல்லு."

கந்தவேல் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"வெரசா வண்டியில ஏறுண்ணே. போறப்பப் படிச்சுக் காட்டுறேன்."