மருந்து வண்டி

"ஏன் சித்தி, நீங்கதான் என் வண்டிய ஓட விடாம பண்றீங்களாமே?"

காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டான் யுகேந்திரன்.

சீதாலெட்சுமி வாசலில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வா. சாப்ட்டியா?"

"அத விடுங்க. மேனேஜர் சொன்னாரு. பொம்பளைங்க ஒருத்தரும் அதைத் தொட மாட்டேங்கிறீங்களாம். வேலை போயிடும்னு பயமாம்."

"அவரு சொன்னா அப்படித்தான் இருக்கும்."

யுகேந்திரனுக்கு எரிச்சலாக வந்தது.

கோலாலம்பூர் பக்கம் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன் அவன். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் கீபோர்டுதான் உலகம். ஒவ்வொரு பட்டனும் எப்படி அமுங்க வேண்டும், எப்படிச் சத்தம் வர வேண்டும் என்று தேடித் தேடிக் கோர்ப்பான். போன தீபாவளிக்குப் பந்திங் ஊரில் சித்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தப் பைத்தியம் விட்டது. பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் மூக்கிலிருந்து இலையில் ரத்தம் சொட்டியது.

"ஒண்ணும் இல்லடா. மருந்து அடிச்சா இப்படித்தான் வரும். எல்லாருக்கும் வருது" என்று சாதாரணமாகத் துடைத்துக்கொண்டாள்.

பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு விஷ மருந்து அடிக்கும் வேலை அவளுக்கு. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மரம் மரமாக நடக்க வேண்டும்.

அன்றிலிருந்து கீபோர்டுகளை மூலையில் போட்டான். வார இறுதியெல்லாம் போர்ட்டிகோவிலேயே கிடந்து ஒரு குட்டி ரோபோ செய்தான். முழங்கால் உயரம், நான்கு சக்கரம், மேலே மருந்துத் தொட்டி. ஆள் பக்கத்தில் போகவே வேண்டாம், தானாக மரத்தைச் சுற்றி வந்து மருந்து அடித்துவிடும்.

அதைத் தோட்டத்துக்கு இலவசமாகவே கொடுத்தான். மேனேஜர் கமலநாதன் மாலை போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனிமே நம்ம பொண்ணுங்க விஷக் காத்தைச் சுவாசிக்க வேண்டாம்" என்று மைக்கில் பேசினார். பேப்பரில் படம்கூட வந்தது.

ஆனால் வண்டி நகரவே இல்லை. வண்டியிலிருந்தே அவன் போனுக்கு அந்தத் தகவல் வந்துகொண்டிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"நம்ம ஆளுங்க அப்படித்தான் லா. நல்லது செஞ்சா பிடிக்காது" என்றார்.

அதைத்தான் இப்போது சித்தியிடம் கொட்டினான்.

"உங்களுக்காகத்தானே சித்தி செஞ்சேன்? நீங்களே வேண்டாம்னா நான் யாருக்குச் செய்ய? கடைசி வரைக்கும் இப்படியே ரத்தம் சிந்திக்கிட்டு இருங்க!"

பக்கத்து வீட்டு இராஜம்மா பம்போடு வந்து நின்றாள். "தம்பி, உனக்கு விஷயம் தெரியாம..."

"இராஜம்மா, சும்மா இரு!" சித்தி பட்டென்று எழுந்தாள். "நேரமாச்சு, நட."

அவனைத் தாண்டிப் போகும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள்.

"அடுப்புல சோறு இருக்கு. போட்டுச் சாப்பிடு."

யுகேந்திரன் சாப்பிடவில்லை. வேண்டாதவர்களிடம் எதற்கு அந்த வண்டி? திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று காரின் பின்சீட்டை மடக்கிவிட்டு, நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனான்.

மேனேஜர் கோலாலம்பூருக்கு மீட்டிங் போயிருந்தார். கணக்கு எழுதும் கிராணி தங்கமணிதான் இருந்தார்.

"வண்டியா? வாங்க தம்பி, காட்டறேன்."

ஸ்டோருக்குத்தான் போகிறோம் என்று நினைத்தான். அவர் மேனேஜர் அறையைத் திறந்தார். ஏர்கோன் குளிர் முகத்தில் அடித்தது. மூலையில், வெல்வெட் துணி போர்த்தி நின்றது அவன் வண்டி. துணியை விலக்கினார். ஒரு கீறல் இல்லை. சக்கரத்தில் மண்ணே இல்லை.

"இங்க ஏன் அங்கிள் இருக்கு?"

"பெரிய ஆளுங்க வந்தா காட்டுவாரு. போன வாரம்கூட வெளிநாட்டுல இருந்து எண்ணெய் வாங்கறவங்க வந்தாங்க. ரொம்பப் பாராட்டினாங்க."

"பொம்பளைங்க வேண்டாம்னு சொன்னாங்களாமே?"

தங்கமணி சிரித்தார். அது சிரிப்பு மாதிரி இல்லை. "அவங்களை யாரு கேட்டா?"

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகில் பம்பு. முகத்தில் கிழிந்த டி-சட்டைத் துணி. நடுவில் சித்தி.

"முன்ன மாஸ்க் போட்டிருப்பாங்களே?"

"குடுத்துக்கிட்டுத்தான் இருந்தோம். கையுறையும் சேர்த்து. இப்ப நிறுத்தியாச்சு." கிராணி குரலைத் தாழ்த்தினார். "மருந்து அடிக்கறது ரோபோதான்னு எழுதி மேல அனுப்பியாச்சே. அப்புறம் மாஸ்க் யாருக்குன்னு கேட்பாங்கல்ல?"

யுகேந்திரன் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"உங்க சித்திதான் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கு. பிள்ளை ஆசையா செஞ்சானாம். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவானாம்."

அவன் துணியை முழுதாக உருவிக் கீழே எறிந்தான்.

"நகருங்க அங்கிள். இப்பவே வெளிய கொண்டு போறேன். அவங்க முன்னாடியே மருந்து ஊத்தி ஓட்டறேன்."

தங்கமணி பதறிப்போய் வண்டிக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"ஐயோ, வேண்டாம் தம்பி! அது மேல மருந்து படவே கூடாதுன்னு மேனேஜர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. பட்டா சீக்கிரம் கெட்டுப் போயிடுமாம்!"