கண்ணாடிப் பேனா மட்டும்

தன்னிடமுள்ள அரிய மையில் யார் கொஞ்சம் கேட்டாலும் குராமோச்சி சிரிப்பார். "எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் அதுக்கு என்னம்மா மதிப்பு?"

ஜப்பானின் கோபே நகரில் மை சேகரிப்பவர்கள் கூடும் எங்கள் கூட்டத்தில் நான் அப்படி இல்லை. தயாரித்த கடையையே மூடிவிட்டதால் இப்போது எங்குமே கிடைக்காத 'துறைமுக இரவு' கறுப்பை மேஜையில் வைத்துவிடுவேன். யாரும் கண்ணாடிப் பேனாவால் தொட்டு எழுதிப் பார்க்கலாம். மைப்பேனாவில் நிரப்பத்தான் கூடாது.

ஆனால் குராமோச்சி வந்த நாளெல்லாம் புட்டியில் மை மளமளவென்று இறங்கியது. என் கணவர் கடைசியாக வாங்கித் தந்த புட்டி அது.

போன மாதம் புட்டியைக் குராமோச்சி பக்கமே நகர்த்தி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

"சவாகோம்மா, கறுப்பு இன்னைக்கு ஜொலிக்குதே!" என்றாள் தோழி மினோரி, கண்ணாடிப் பேனாவால் கிறுக்கியபடி.

இன்று குராமோச்சி தன் தங்கப்பொடி பதித்த மைப்பேனாவோடு வந்தார். முகம் செத்திருந்தது.

"உள்ள மை கல்லா இறுகிப்போச்சு. ரிப்பேர்காரரும் கையை விரிச்சுட்டாரு."

"ஐயையோ! என்ன மை ஊத்தினீங்க சார்?" என்று பதறினாள் மினோரி.

எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பேனாவை அவசரமாகப் பைக்குள் செருகினார்.

எப்படிச் சொல்வார்? போன மாதம் அந்தப் புட்டியில் நான் ஊற்றி வைத்திருந்தது தூரிகையால் எழுதும், பசை கலந்த மை. கண்ணாடிப் பேனாவைக் கழுவினால் போய்விடும். மைப்பேனாவுக்குள் போனால் சமாதிதான். அசல் மை என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

தேநீரை அவரிடம் நீட்டினேன்.

"சும்மா சொல்லுங்க சார். மத்தவங்க பேனாவாவது பிழைக்கட்டும்."