நல்ல வெயில் விழும் கூரை

"எனக்கு இந்தக் கிழமைக்குள்ளேயே சோலார் போடவேணும், பிள்ளை."

ஜெகதீஸ்வரியால் தன் காதையே நம்ப முடியவில்லை. பினாங்கின் பாயான் பாருவில் இருக்கும் அவளுடைய சோலார் கடைக்கு வாடிக்கையாளர் என்று ஒருவர் வந்தே மூன்று மாதமாகிறது. வீடுகளில் மிஞ்சும் சோலார் மின்சாரத்துக்கு ஈடு கொடுத்துவந்த அரசாங்கத்தின் பழைய திட்டம் முடிந்துவிட்டது. புதியது எப்போது வரும், எப்படி வரும், யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டால் எல்லாரும் ஒரே பாட்டுதான்: "புதுத் திட்டம் வரட்டும்லா, அக்கா."

வந்தவர் கனகசுந்தரம். யாழ்ப்பாணத்து வம்சம். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆர்டர் புத்தகத்தைத் திறந்தவள், மூடிவிட்டாள். மனசு கேட்கவில்லை.

"அங்கிள், உண்மைய சொல்லிடறேன். இப்ப போட்டா, மிஞ்சுற கரண்டுக்கு உங்களுக்கு ஒன்னும் கிடைக்காது. கொஞ்சம் பொறுங்களேன்."

"தெரியும். பேப்பரில வாசிச்சனான்."

"நாளைக்குப் புதுத் திட்டம் வந்தாலும், உங்கள சேர்த்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

"அதுவும் தெரியும். கூரையில ஏறிப் பேனல் பூட்டுறதுக்கு ஆர் வருவினம்?"

"ஃபிக்ரி. எங்க ஆளுதான்."

"மலாய்க்காரரோ?"

அவளுக்குச் சுருக்கென்றது.

ஃபிக்ரி பத்து வருஷமாக அவளோடு இருப்பவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலை கொடுக்க முடியாமல் அவள் கண் கலங்கியபோது, "ஊர்ப்பக்கம் கம்பத்தில் அம்மாவோடு ரெஸ்ட் எடுக்கிறேன், கவலைப்படாதீர்கள்" என்று சிரித்துவிட்டுப் போனவர்.

இந்த ஆர்டர் போனாலும் போகட்டும்.

"ஆமா, மலாய்க்காரருதான். அவரு மாதிரி வேலைக்காரர் இந்தப் பினாங்குலயே இல்ல. அவரு வேணாம்னா, வேற கடைய பாருங்க அங்கிள்."

பெரியவர் பதறிப்போனார்.

"ஐயோ பிள்ளை, அவர்தானோ எண்டு தெரிஞ்சுகொள்ளக் கேட்டனான். நேத்து மத்தியானம் எங்கட வீட்டுக்கு நாங்கள் ஓடர் பண்ணின சாப்பாட்டை மோட்டார் சைக்கிளில கொண்டுவந்தவர்."

"ஃபிக்ரியா? சாப்பாடா? கம்பத்துல ரெஸ்ட்னு சொன்னாரே!"

"ஓம். பார்சலைத் தந்திட்டும் போகேல்ல. எங்கட கூரையையே பாத்துக்கொண்டு நிண்டார். என்ன தம்பி எண்டு கேட்டன். 'நல்ல வெயில் விழுற கூரை அங்கிள், நான் பேனல் பூட்டுற ஆள்' எண்டார். உங்கட கடைப் பேரையும் சொன்னார்."



கனகசுந்தரம் ஆர்டர் புத்தகத்தைத் தானே திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"அரசாங்கம் ஆறுதலா, மெல்லமா முடிவெடுக்கட்டும், பிள்ளை. அந்த மனுசன் முதல்ல ஏணியில ஏறட்டும்."