பதினோராம் பக்கம்

"எவன் அவன்? கம்பத்துல ஏறி, வேலையை முடிக்காம இறங்கி, வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிப்போனானே, அவன் பேர் எனக்கு இப்பவே தெரியணும்!"

ஹார்பெக் மின்சாரக் கூட்டுறவு ஆபீஸின் கண்ணாடிக் கதவு அதிர உள்ளே வந்தார் ஆர்லன் ஹோக்ஸ்ட்ரா. பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். வீட்டுக்குப் பின்னால் வான்கோழிப் பண்ணை. எதிராளி வாயைத் திறப்பதற்குள் பாதி விலைக்கு இறக்கிவிடுகிற குரல்.

பனிமழை கம்பிகளை அறுத்துப் போட்டு நாலு நாள். ஊருக்கெல்லாம் கரண்ட் வந்தாச்சு. மில் ரோட்டில் ஒன்பது வீடு மட்டும் இருட்டில்.

அதில் ஒன்று ஆர்லனுடையது. மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் ஏற்கெனவே கவுன்ட்டர் முன்னால் நின்றார்கள். கிணற்று மோட்டார் ஓடாமல் நாலு நாளாக முகம் கழுவாத கூட்டம்.

"வா ஆர்லன். பளபளன்னு ஷேவ் பண்ணிட்டு வந்திருக்கே, சண்டைக்கா, கல்யாணத்துக்கா?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெர்னடைன். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"பேச்சை மாத்தாதே. இதோ நிக்கறாங்களே ட்ரூடி, இவங்க வீட்டுக்காரர் மெஷின் வெச்சு மூச்சு விடறார். ட்ரூடி, கையில இருக்கற ஆக்சிஜன் சிலிண்டர் எதுவரைக்கும் தாங்கும்?"

"சாயங்காலம் அஞ்சு மணி" என்றாள் ட்ரூடி.

"கேட்டியா? அஞ்சு மணி!" கோட்டுப் பையிலிருந்து வாடிக்கையாளர் கையேட்டை உருவிக் கவுன்ட்டரில் அறைந்தார் ஆர்லன். "முதல் பக்கத்துல என்ன அச்சடிச்சிருக்கீங்க? 'இந்தக் கூட்டுறவின் சொந்தக்காரர் நீங்களே.' சொந்தக்காரன் கேட்கறேன். பதில் சொல்லு!"

"முதல் பக்கத்தைத் தாண்டி எதையாவது படிச்சியா?"

"எனக்கு அது போதும்!"

"அப்படிப் போடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பெர்னடைன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவன் பேர் கோல்பி. காலையில கம்பத்துல ஏறினான். கம்பியைத் தொடறதுக்கு முன்னாடி சோதனைக் கருவியை நீட்டினான். நாங்க கரண்டை நிறுத்தி வெச்சிருந்த கம்பி அது. ஆனா அதுல கரண்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"எப்படி?"

"உங்க ரோட்டுல யாரோ ஜெனரேட்டரை வீட்டு வயரிங்ல சொருகியிருக்காங்க. மெயினை நிறுத்தாம. அந்தக் கரண்ட், வீட்டுக்கு வர்ற கம்பி வழியாவே கம்பத்துக்குத் திரும்பி ஏறினா, டிரான்ஸ்பார்மர் அதை ஏழாயிரம் வோல்ட்டா ஆக்கிடும். கோல்பி சோதிக்காம தொட்டிருந்தா, கரிக்கட்டையாத்தான் கீழே விழுந்திருப்பான். ஓடிப்போகலை ஆர்லன். வீடு வீடா தேடிக்கிட்டிருக்கான். கையேட்டுல பதினோராம் பக்கம், சிவப்பு எழுத்துல இதைத்தான் போட்டிருக்கோம். யார் படிக்கறீங்க?"



ஆர்லனின் கோபம் குறையவில்லை. அது பாய்கிற ஆள்தான் மாறினான்.

"எந்த மடையன்யா அது? தன் வீட்டு பல்பு எரியணும்னு ஒரு சின்னப் பையனைப் பொசுக்கப் பார்த்திருக்கான்! ட்ரூடி வீட்டுக்காரர் மூச்சு மேல ஏறி உட்கார்ந்திருக்கான்! இந்த மாதிரி ஆளுக்கு இனிமே லைனே கொடுக்கக் கூடாது. எழுது பெர்னடைன், முதல் கையெழுத்து நான் போடறேன்!"

"ரெண்டாவது நான்!" என்றார் ஒருவர்.

"போலீஸுக்கும் சொல்லணும்" என்றார் இன்னொருவர்.

யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். 'அந்த வீட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் ஆர்லனே எழுதி, தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். பேனா கைமாறிக் கைமாறிப் போயிற்று.

அப்போதுதான் கதவு திறந்தது. முழங்கால் வரை பனி அப்பிய ஓர் இளைஞன்.

"கண்டுபிடிச்சாச்சு" என்றான் கோல்பி. "பிடுங்கியும் விட்டாச்சு. எங்க ஆளுங்க கம்பியை இழுத்துக் கட்டிக்கிட்டிருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லா வீட்டுக்கும் வந்துடும்."

ட்ரூடி அப்படியே நாற்காலியில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யார் வீடு?" கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கேட்டது.

"தெரியாம நடந்தது. விடுங்க."

"விடறதா? உன் உசிரு போயிருக்கும்டா!"

"போகலையே" என்று சிரித்தான் கோல்பி. கையுறையைக் கழற்றிக்கொண்டே ஆர்லன் பக்கத்தில் வந்து, பேனாவை எடுக்கக் குனிகிற மாதிரி அவர் காதோடு பேசினான்.

"மிஸ்டர் ஹோக்ஸ்ட்ரா, வீட்டுல சொருகினா என்ன, வான்கோழிக் கொட்டகையில சொருகினா என்ன, ரெண்டும் ஒரே கம்பத்துக்குத்தான் போகுது. ஹீட்டரை நேரா ஜெனரேட்டர்லயே மாட்டிட்டு வந்திருக்கேன். வான்கோழிக் குஞ்சு ஒண்ணுகூட சாகலை. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆர்லன் கவுன்ட்டரில் கிடந்த தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். அதில் முதல் கையெழுத்து அவருடையது.

ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவர் கையைப் பற்றினாள்.

"எங்களுக்காகப் பேச நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க ஆர்லன். விடாதீங்க. அது எவனா இருந்தாலும் சரி, இங்கே எல்லார் முன்னாடியும் வந்து நின்னு, இந்தப் பையன் கிட்ட மன்னிப்புக் கேட்கணும். கேட்கச் சொல்லுங்க!"